செய்யக்கூடாதது: ஒரு செயல்முறை விளக்கம்

மனித குலத்தின் மருத்துவ வரலாற்றில் மூன்றே மூன்று பெரும் பாய்ச்சல்கள் உண்டு. ஒன்று, டாக்டர்கள் கையைக் கழுவ ஆரம்பித்தது. இரண்டு, அறுப்பதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்க ஆரம்பித்தது. மூன்று, எங்கள் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர்களுக்கு நடத்தப்படும் 'இணைய நன்னடத்தைப் பயிற்சி'. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் காலமாகிவிட்டார்கள். மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் உயிரோடு இருக்கிறேன். இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே, 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்று பலகை மாட்டிய அறையில் யார் வேண்டுமானாலும் வந்து என்னைப் பார்க்கலாம். கும்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் டாக்டர் இல்லை. இதைச் சிலர் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். டாக்டராக இருந்தால் நோயாளி பக்கம் மனசு சாய்ந்துவிடும், நடுநிலை போய்விடும். என் வேலை, எங்கள் இயக்குநரின் திருமுகத்தைத் தினமும் காலையில் உலகத்துக்குக் காட்டுவது. இயக்குநர் கை கழுவினாலும் கேமராவைப் பார்த்துத்தான் கழுவுவார். குழந்தைக்கு ஊசி போட்டால் குழந்தை அழும், அவர் சிரிப்பார். எது அழகாக வந்திருக்கிறதோ அதைப் போடுவேன். சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு அப்படி ஒரு பல்வரிசை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பயிற்சி டாக்டர்கள் கண்டதையும் இணையத்தில் போட்டு மானத்தை வாங்குகிறார்கள், ஆகவே எல்லா மருத்துவமனைகளும் அவர்களுக்கு நன்னடத்தை சொல்லித்தர வேண்டும் என்று. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆஸ்பத்திரியில இணையத்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆள் யாரு?"

"நான்தான் சார்."

"நன்னடத்தை?"

"அதையும் படிச்சுக்கறேன் சார்."

"ஆரம்பிச்சிடுங்க. நல்லா லைக் வரணும்" என்றார்.

இப்படித்தான் அந்த மகத்தான கல்வி பிறந்தது. உட்கார்ந்து நான்கு விதிகள் எழுதினேன். நோயாளியின் முகத்தைக் காட்டாதே. நோயாளியின் கதையைச் சொல்லாதே. பொய்யானது எதையும் போடாதே. நிறுவனத்தைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதாதே. உண்மையில் நாங்கள் முதலில் எழுதியது நான்காவது விதியைத்தான். அது மட்டும் தனியாக நின்றால் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அதனால் மற்ற மூன்றையும் முன்னால் சேர்த்தோம்.

முதல் வகுப்பில் பயிற்சி டாக்டர்கள் எல்லாரும் தூங்கினார்கள். ராத்திரி முழுக்க வார்டில் ஓடிவிட்டு வந்தவர்களுக்குக் குளிர்சாதனம் போட்ட அறையில் நாற்காலி கிடைத்தால் வேறு என்ன செய்வார்கள்? ஒரே ஒருத்தி மட்டும் முழித்திருந்தாள். ஒல்லியான பெண், மருந்து தெறித்த வெள்ளைக்கோட்டு. மனநல வார்டில் இருந்தாள். அங்கே இருக்கிறவர்கள் அவளைச் 'சின்ன டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். அவள் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டதோடு நிற்காமல் நம்பவும் செய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்துதான் வம்பு.

"எல்லாரும் தூங்கறாங்க சார்" என்று இயக்குநரிடம் சொன்னேன்.

"வெறும் பேச்சு எடுபடாது. செயல்முறை விளக்கம் வேணும். செய்யக்கூடாததைச் செஞ்சு காட்டி, 'இப்படிச் செய்யாதே'ன்னு சொல்லணும். அப்பதான் மனசுல பதியும். வீடியோவா எடுங்க. நம்ம பக்கத்துலயும் போட்டுடலாம்."

இந்த மாதிரி ஒரு யோசனை சாதாரண மண்டையில் உதிக்காது. எனக்குப் புல்லரித்தது.

காட்சி இதுதான்: ஒரு பயிற்சி டாக்டர் வார்டுக்குள் போய், படுக்கையில் இருக்கும் நோயாளியோடு பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார். அதன்மேல் ஒரு பெரிய சிவப்புப் பெருக்கல் குறி வந்து விழும். கீழே, 'இவ்வாறு நோயாளியின் முகத்தை வெளிப்படுத்துவது குற்றம்' என்று எழுத்து ஓடும். டாக்டராக நடிக்க ஆள் தயாராக இருந்தான். பயிற்சி டாக்டர்களில் ஒருவன், தலைவாருவதற்கென்றே சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பவன். எல்லாரும் 'ஹீரோ' என்பார்கள். நோயாளிக்கு என்ன செய்வது?

"நம்ம ஆபீஸ்லேர்ந்து யாரையாவது படுக்க வெச்சிடலாமா சார்?" என்றேன்.

இயக்குநர் முகம் கறுத்தது. "நோயாளியே இல்லாத ஆளை நோயாளின்னு காட்டறதா? உங்க மூணாவது விதி என்ன?"

நான் வெட்கப்பட்டுப் போனேன். பொய்யானது எதையும் போடாதே. நானே எழுதியது. ஆகவே உண்மையான நோயாளிதான் வேண்டும் என்று முடிவாயிற்று. மனநல வார்டைத் தேர்ந்தெடுத்தோம். அங்கேதான் முகத்தைக் காட்டுவது மற்ற எல்லா இடத்தையும்விடப் பெரிய தவறு. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

அந்த வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர் இருந்தார். அவருடைய கதையைச் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது விதி. ஆனால் பயிற்சி நோக்கத்துக்காகச் சொல்லலாம். பள்ளியில் கணக்கு எடுப்பவர். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், ஒருநாள் கரும்பலகையில் பாதிக் கணக்கு போட்டுவிட்டு மீதியைப் போட முடியாமல் அப்படியே நின்று அழுதிருக்கிறார். வீட்டுக்காரர் கூட்டி வந்து சேர்த்தார். பள்ளியில் 'இடுப்பு வலி' என்று சொல்லி லீவு வாங்கியிருந்தார்கள். உண்மை தெரிந்தால் பெற்றோர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், வேலை போய்விடும் என்று பயம். "இந்தச் செவுத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது டீச்சர், நான் இருக்கேன்" என்று சின்ன டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் டீச்சர் மாத்திரை போட ஒத்துக்கொண்டாராம். நன்றாகத் தேறியும் விட்டார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் போய்விடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போன நேரம் சின்ன டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்க லேபுக்குப் போயிருந்தாள். நல்ல வேளை. வெளிச்சம் சரியில்லை என்று கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னேன். பின்னால் நர்ஸ் அறையின் பெரிய கண்ணாடித் தடுப்பு பளபளவென்று அமைந்தது. பின்னணி என்றால் அதுதான் பின்னணி. நானே கைபேசியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா சார்?" என்று ஹீரோ மெதுவாகக் கேட்டான். அவனுக்குக்கூட எங்கோ ஒரு மூலையில் ஏதோ இருந்திருக்கிறது.

"கேட்டு அவங்க சரின்னு சொல்லிட்டா அது அனுமதியோட எடுத்த படம் ஆயிடும்ப்பா. அப்புறம் அது எப்படித் தப்புக்கு உதாரணம் ஆகும்? சிரி."

அவன் சிரித்தான். டீச்சர் திடுக்கிட்டுப் பாதிக் கையைத் தூக்கினார். முகத்தை மறைப்பதற்குள் எடுத்து முடித்துவிட்டேன். வேகம் என்றால் என் வேகம்தான்.

"என்னங்க இது?" என்றார் டீச்சர்.

"பயிற்சி வீடியோ மேடம். டாக்டருங்க உங்களை இப்படிப் படம் எடுக்கக்கூடாதுன்னு சொல்லித்தரோம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததா என்று இப்போதும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலமே வீடியோவை ஏற்றிவிட்டோம். சிவப்புப் பெருக்கல் குறி பிரமாதமாக வந்து விழுந்தது. அடர்த்தியாகப் போட்டால் முகம் மறைகிறது என்று கொஞ்சம் மெல்லிசாகப் போட வைத்தேன். லைக் பிய்த்துக்கொண்டு போனது. இயக்குநருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. எங்கள் குடும்பக் குரூப்பிலும் போட்டு, 'எல்லாரும் பகிரவும்' என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை சின்ன டாக்டர் என் அறைக்குள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்த வீடியோவுல டீச்சர் முகம் தெரியுது."

"தெரியணும்மா. முகத்தை மறைச்சுட்டா முகத்தைக் காட்டினது தப்புன்னு எப்படிப் புரியவைக்கறது?"

"அவங்களைத் தெரிஞ்சவங்க பாத்தா?"

"மேலதான் இவ்ளோ பெரிய இன்ட்டு போட்டிருக்கோமே."

"இன்ட்டு வழியா முகம் தெரியுது சார்."

"கண்ணு கூர்மையா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினேன். பாராட்டு அவளிடம் எடுபடவில்லை.

"திங்கக்கிழமை அவங்க ஸ்கூல் திறக்குது. இடுப்பு வலின்னுதான் சொல்லியிருக்காங்க. யாருக்கும் தெரியாதுன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"வாக்கை எழுத்து மூலமா கொடுத்தீங்களா, வாயாலயா?"

"வாயாலதான்."

"அப்ப நிறுவனம் அதுக்குப் பொறுப்பில்லை" என்று அவள் மனதிலிருந்த பாரத்தை இறக்கிவைத்தேன். "ஒரு மனு எழுதிக் குடுங்க. அடுத்த கூட்டத்துல வெச்சு முடிவு பண்றோம்."

"கூட்டம் எப்ப சார்?"

"இயக்குநர் வெளியூர் போயிருக்காரே. நோயாளியோட ரகசியத்தைக் காப்பாத்தறது எப்படின்னு பெரிய மாநாட்டுல பேசறார். நம்ம வீடியோவைத்தான் திரையில போட்டுக் காட்டப்போறார்" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு ஈடுபாடு கிடையாது.

அன்று வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அக்கா போன் செய்தாள்.

"டேய், நீ போட்ட வீடியோவுல கட்டில்ல இருக்காங்களே, அது நம்ம பாப்பாவோட கணக்கு டீச்சர்டா."

"அப்படியா அக்கா? உலகம் எவ்ளோ சின்னது பாரு."

"இடுப்பு வலின்னு சொன்னாங்களேடா. அது என்ன வார்டு?"

"சொல்லக்கூடாதுக்கா. ரகசியம்."

"வீடியோவுல பின்னாடி கண்ணாடி மேல 'மனநலப் பிரிவு'ன்னு எழுதியிருக்கே."

"பாத்தியா, நான் சொல்லல" என்றேன்.

"பாவம்டா. நல்லாச் சொல்லித்தருவாங்க. நான் அம்மாங்க குரூப்ல போட்டுட்டேன், எல்லாரும் வேண்டிக்கட்டும்னு."

அக்காவுக்கு எப்போதும் இளகின மனசு. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "அந்தம்மா முகத்தை ஏங்க மறைக்கல?" என்று கேட்டாள். அவளுக்கும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லாமப் போனா வேற ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். கல்வியின் அருமை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

மறுநாள்தான் அந்த அடாத செயல் நடந்தது. எங்கள் வீடியோவின் கீழே, 'அருமை', 'சமுதாயத்துக்குத் தேவையான பதிவு', 'டாக்டர் தம்பி சூப்பர்' என்று பூவாகக் குவிந்திருந்த பாராட்டுகளுக்கு நடுவே ஒரு கமெண்ட். 'இவர் முகம் தெரிகிறது. இவருடைய அனுமதி வாங்கப்படவில்லை. தயவுசெய்து இந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்.' கீழே சொந்தப் பெயர். சின்ன டாக்டர்தான். பொய்ப் பெயரில் எழுதும் அளவுக்குக்கூட இணைய அறிவு இல்லை.

எங்கள் செயல்வேகத்தை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் நீக்கிவிட்டோம். கமெண்ட்டை.

இயக்குநர் மாநாட்டிலிருந்து திரும்பியதும் விசாரணை. நீள மேஜையின் ஒரு பக்கம் இயக்குநர், நான், மருத்துவமனை வக்கீல். எதிர்ப் பக்கம் சின்ன டாக்டர். ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப் துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த மாதத்தோடு பயிற்சி முடிகிறது. நிறைவுச் சான்றிதழில் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அவள் டாக்டர்.

"இந்த கமெண்ட் நீங்க போட்டதா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார்."

"எல்லாரும் பாக்கற இடத்துலயா?"

"வீடியோவும் எல்லாரும் பாக்கற இடத்துலதானே சார் இருக்கு."

"அது பயிற்சி. இது கமெண்ட்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். அவர் பேசினால் தேன் சொட்டும். அதில் நாம்தான் ஒட்டிக்கொள்வோம். "நீங்க 'முகம் தெரிகிறது'ன்னு எழுதறவரைக்கும் அந்த முகத்தை யாரும் உத்துப் பாக்கல. எல்லாரும் இன்ட்டு குறியைத்தான் பாத்துட்டிருந்தாங்க. நீங்க சொன்னப்புறம்தான் முகத்தைப் பாத்தாங்க. அதாவது சட்டப்படி, நோயாளியோட முகத்தை வெளிப்படுத்தினது நீங்கதான்."

அடேயப்பா. படித்தவன் படித்தவன்தான்.

"நான் எழுதறதுக்கு முன்னாடியே அவங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் போயிடுச்சு சார்" என்றாள்.

"எப்படிப் போச்சு?" என்று இயக்குநர் கேட்டார்.

எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

"சார், என்னை என்ன வேணா பண்ணுங்க" என்றாள் சின்ன டாக்டர். "அந்த வீடியோவை மட்டும் எடுத்துடுங்க. அவங்க மறுபடியும் தூங்க மாட்டேங்கறாங்க. நேத்து என்கிட்ட பேசவே இல்லை. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க."

"உணர்ச்சிவசப்படறது டாக்டருக்கு அழகில்லை" என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தத்தை நான் படமெடுத்து வைத்துக்கொண்டேன், நன்றாக வந்திருந்தது. பிறகு பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொன்னார். வேலையை விட்டு நீக்கவில்லை. நான்காவது விதியை மீறியதற்காக, இணைய நன்னடத்தைப் பயிற்சியை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். கடைசித் தேர்வில் தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால் இல்லை.

வீடியோவை எடுப்பது பற்றிய பேச்சு அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

சில நாள் கழித்து டீச்சர் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர் எனக்குப் போன் செய்தார். குரலிலேயே பண்பு தெரிந்தது.

"சார், உங்க வீடியோவைப் பாத்தோம். ரொம்ப பயனுள்ளதா இருந்தது. அதுல எங்க டீச்சர் ஒருத்தர் வந்திருக்காங்க."

"கேள்விப்பட்டேன் சார். அவங்க நல்லா இருக்காங்களா?"

"நோய்வாய்ப்பட்டவங்கன்னு நாங்க யாரையும் ஒதுக்கறதில்லை சார். மனநலத்துக்காக ஒரு தனி நாளே கொண்டாடறோம், பசங்க பலூனெல்லாம் விடுவாங்க. ஆனா பள்ளியோட அனுமதி இல்லாம இணையத்துல தோன்றக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்கு. அதை மீறிட்டாங்க. அதனால நிறுத்த வேண்டியதாப் போச்சு. உங்க இணையப் பக்கத்துல போட்டிருந்த பயிற்சிக் கையேட்டைப் பாத்துதான் அந்த விதியையே எழுதினோம், அதுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எங்கள் கல்வி மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வெளியே போய் வேலை செய்கிறது என்று தெரிந்தபோது என் கண் கலங்கியதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வாரமே, டிஸ்சார்ஜ் ஆன கையோடு, டீச்சர் என் அறைக்கு வந்தார். நோயாளி உடையில் பார்த்த ஆளை வெளி உடையில் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. திரையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆக, முகத்தை மறைக்காமல் விட்டதில் இப்படி ஒரு வசதியும் இருந்தது.

"அந்த வீடியோவை எடுத்துடுங்க சார்" என்றார். கத்தவில்லை.

"மேடம், நோயாளி சம்பந்தப்பட்ட எதையும் நோயாளியோட எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாம நாங்க தொடறதில்லை."

"எழுதிக் குடுக்கறேன்."

"நீங்கதான் குணமாகி வீட்டுக்குப் போயிட்டீங்களே. இப்ப நீங்க நோயாளி இல்லையே. நோயாளிதான் எழுதிக் குடுக்கணும்."

"போடறதுக்கு யார் ஒப்புதல் குடுத்தா?"

"போடறதுக்கு எதுக்கு மேடம்? அதான் தப்புன்னு மேலயே எழுதியிருக்கோமே."

டீச்சர் திரையின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தின் மேல் அந்தப் பெருக்கல் குறி வந்து விழுந்தது. மறுபடி ஓடி, மறுபடி விழுந்தது.

"வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து பசங்க நோட்டுல இந்தக் குறியைத்தான் சார் போட்டுட்டு வரேன்" என்றார். "தப்பான விடை மேல போடுவேன். எந்தப் பையன் மூஞ்சியிலயும் போட்டதில்லை."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார். எனக்கு ஒரு நிமிஷம் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு நல்ல வாசகம்! வீணாகப் போகலாமா? அன்றே இயக்குநர் புன்னகைக்கும் படத்தோடு, இயக்குநரின் பொன்மொழியாக அதைப் போட்டேன். 'தவறின் மேல் குறியிடுங்கள், மனிதரின் மேல் அல்ல.' அந்த வீடியோவைவிட இதற்கு லைக் அதிகம்.

அக்காதான் அவ்வப்போது போன் செய்து புலம்புகிறாள். "புது மிஸ் கணக்கை வேகமா போட்டுட்டுப் போறாங்களாம். பாப்பா பழைய மிஸ்தான் வேணும்னு அழுவறாடா." பாப்பாவுக்கு நல்ல டியூஷன் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசித் தேர்வு வந்தது. கேள்வித்தாளை நானே தயாரித்தேன். ஒரே கேள்வி. வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து, பெருக்கல் குறியை நீக்கிவிட்டு, வழவழப்பான தாளில் பெரிதாக அச்சிட்டிருந்தோம். ஹீரோ பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். டீச்சர் பாதிக் கையைத் தூக்கியிருக்கிறார். பின்னால் பளபளவென்று கண்ணாடித் தடுப்பு. கீழே கேள்வி: 'இப்படத்தில் நன்னடத்தை விதியை மீறியவரைக் கண்டறிந்து, அவர் முகத்தின் மீது சிவப்பு மையால் பெருக்கல் குறி இடுக.'

எவ்வளவு சுலபம் பாருங்கள். எல்லாரும் ஹீரோ முகத்தின் மேல் குறி போட்டார்கள். ஹீரோவும் தேர்வு எழுதினான். தன் முகத்தின் மேல் தானே கோணாமல் குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கினான். இப்படி ஒரு நேர்மையை எந்தக் கல்வி தரும்?

கடைசியாகச் சின்ன டாக்டரின் தாள். இயக்குநரும் நானும் சேர்ந்துதான் திருத்தினோம். ஹீரோ முகம் சுத்தமாக இருந்தது. டீச்சர் முகமும் சுத்தமாக இருந்தது.

"வெறும் தாளைக் குடுத்துட்டுப் போயிருக்கா" என்றேன்.

"அவசரப்படாதீங்க" என்று இயக்குநர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இதோ இருக்கே. மூலையில. பின்னாடி கண்ணாடித் தடுப்புல."

குனிந்து பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் ஒரு உருவம் நிழலாடியது. அதன் முகத்தின் மேல் சின்னதாக, அளவெடுத்தது போல ஒரு சிவப்புக் குறி.

"யாருய்யா இது? கண்ணாடிக்குள்ள நின்னுக்கிட்டு கைபேசியைப் பிடிச்சிட்டிருக்கான்?"

"தெரியலையே சார். யாராவது பார்வையாளரா இருக்கும்."

"கட்டம் போட்ட சட்டை."

"கட்டம் போட்ட சட்டை நிறைய பேர் போடறாங்க சார்."

இயக்குநர் தாளைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். துவைத்துத் துவைத்துப் போடுவது என் வழக்கம். அதுவும் அன்றைக்கென்று அதே சட்டை.

"விடை தப்புதானே சார்?" என்றேன்.

"தப்புதான். நம்ம விடைக்குறிப்புல ஹீரோன்னுதான் இருக்கு" என்றார் இயக்குநர். ஆகவே சின்ன டாக்டர் தேறவில்லை. சான்றிதழும் இல்லை. விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அவள் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் பதிந்திருக்கிறேன். ஒரு மனிதனின் முகத்தை, அவன் வேலை செய்யும் இடத்தில், நாலு பேர் பார்க்கும் தாளில், இப்படிப் பகிரங்கமாகக் காட்டியிருக்கிறாள். எனக்கும் அக்கா இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், வெளியே தலைகாட்ட வேண்டாமா? என்னிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டாளா? மேலே குறி போட்டிருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறி வழியாக என் முகம் தெரிகிறது.